இரைச்சலுக்கு ஒரு சாட்சி

என் மைத்துனன் தணிகாசலம் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன். அவன் என் தலையில் கட்டிய பழைய கார், வேகம் அறுபதைத் தொட்டவுடன், குடத்துக்குள் அகப்பட்ட வண்டைப் போல் விடாமல் இரைந்தது. “சத்தமா? மொதல்ல உங்க காதைக் காட்டுங்க மாமா” என்றான். தம்பி சொல்வதே வேதம் என்றிருக்கும் என் மனைவியும், தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சாதித்தாள். காது மருத்துவரிடம் எனக்கு டோக்கனும் போட்டுவிட்டாள். மெக்கானிக் மட்டும், “பின்சக்கர பேரிங்தான் சார். எந்தப் பக்கம்னு டிக்கியில ஆள் படுத்துக் கேட்டாத்தான் தெரியும்” என்றார். “நானே படுக்கிறேன். ஒண்ணும் கேக்காது பாருங்க” என்ற தணிகாசலம், பட்டத்து யானைமேல் ஏறுபவனைப் போல் டிக்கிக்குள் ஏறிப் படுத்தான். நான் மூடினேன். மனைவி என்னருகில் அமர்ந்துகொண்டாள்.

புறவழிச்சாலையில் முள் அறுபதைத் தொட்டது, வண்டு விழித்தது. சற்று நேரத்தில் பின்னாலிருந்து குரல் எழுந்தது. “கேக்குது மாமா! இடது பக்கந்தான்! காது கிழியுது, நிறுத்துங்க!” அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது. அடுத்து, உதைக்கும் ஓசை.

“ஏங்க, தம்பி கத்துறான், கேக்கலையா?” என்று பதறினாள் மனைவி.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே. அதுக்குத்தானே டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்க” என்றேன்.

முள் எண்பதை நெருங்கியது.