நான்கு மடக்குத் தண்ணீர்

“எழுதினவன் எவன்னு எனக்குத் தெரியும். கேட்காம விடப் போறதில்ல,” என்றார் தாய்மாமன்.

அப்போது கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகரான அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமன், மூத்தவள், உப்புநீர் வாளிக்குள் இரண்டு கால்களையும் விட்டு உட்கார்ந்திருந்த இளையவன். அவன் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துப் போயிருந்தன. மின்விசிறி சுழன்றும் யார் முதுகிலும் சட்டை காயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரத்தானில் அவன் மூன்றாவதாக வந்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஈரத்துணியை முகத்தில் போட்டு அழுத்தியது போன்ற புழுக்கம். பாதிப் பேர் வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முதல் மூன்று பேருக்குத் தேசிய அணியின் பயிற்சி முகாமில் இடம் உண்டு. மூன்று வருடமாக அவன் விடியுமுன் எழுந்து ஓடியது அந்த ஓர் இடத்துக்காகத்தான்.

திங்கட்கிழமை அவன் பெயரை அடித்துவிட்டார்கள். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில், பாலத்தின் மேல், வெளியாள் ஒருவரிடம் நான்கு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தான் என்று எழுத்து மூலம் புகார் வந்திருந்தது. போட்டி நடத்துபவர்கள் போட்டிருக்கும் மேசைகளில் தவிர வேறெங்கும் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. குடித்தாயா என்று கேட்டார்கள், குடித்தேன் என்றான். எழுதியது யார் என்று அவர்கள் சொல்லவில்லை.

நான்காவதாக வந்தவன் மூன்றாவதானான். அவன் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரின் மகன். மாமனுக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டே நாளில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அந்தக் கடையில் மாத்திரை வாங்க ஆள் குறைந்தது. அம்மா எதிர்வீட்டம்மாளின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள். மூத்தவள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்தாள்.

“மடக்கைக்கூட எண்ணியிருக்கான், பாவி,” என்றார் மாமன். “ஏன்டா, கொடுத்தது யாருன்னாவது சொல்லேன்டா.”

“கண்ணெல்லாம் வேர்வை, மாமா. முகம் தெரியல,” என்றான் அவன், வாளியைப் பார்த்தபடி.

“யாரோ ஒரு புண்ணியவான்,” என்றாள் அம்மா. “மயங்கி விழப்போன பிள்ளைக்கு வாயை நனைச்சான்.”

அதுவரை செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்த அப்பா அதை நான்காக மடித்து வைத்தார். “புண்ணியவான் இல்ல, மடையன். விதி என்னன்னு தெரிஞ்சுக்காம குறுக்க போய் நின்ன மடையன்.”

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. குடும்பமே முடிவுக் கோட்டில் காத்து நின்றபோது எட்டிப் பார்க்காத மனுஷனுக்குப் பேச்சில் மட்டும் குறைவில்லை என்று பிடித்துக்கொண்டாள். வெயிலில் ஓடுகிறவனைப் பார்க்க வெயிலில் போய் நிற்கிற பைத்தியம் தனக்கில்லை என்று சொல்லிவிட்டு அன்று அவர் நூலகத்துக்கு நடையைக் கட்டியதைச் சொல்லிக் காட்டினாள். அதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து பெரிய ஃபிளாஸ்க்கையும் காணோம், இந்த வீட்டில் எதற்கும் கேட்பார் கிடையாது என்று அதற்கும் சேர்த்து ஒரு மூச்சுத் திட்டினாள்.

மாமன் சிரித்தார். “அவர்கிட்டயா நியாயம் கேட்கறே, அக்கா? டிக்கெட் இல்லாம வந்தேன்னு எனக்கே அபராதம் போட்ட மகராசன். அதுவும் உன் கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள்.”

“ரசீது கொடுத்தேன்ல?” என்றார் அப்பா.

மாமன் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். எதிர்வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழ, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்றார்.

அப்பாவும் எழுந்தார். ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்துக் கழுத்துப் பொத்தான்வரை போட்டார். முகம் சிவந்திருந்தது. “நீ பேசினது போதும். நான் பேசறேன்.”

“இப்பவாவது ரோஷம் வந்துச்சே,” என்றாள் அம்மா.

இளையவன் சட்டென்று வாளியிலிருந்து காலை எடுத்தான். “அப்பா, வேண்டாம்ப்பா. போனது போகட்டும்.” ஈரக் காலோடு நொண்டிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தான். அம்மாவும் மாமனும்கூட வந்தார்கள்.

தெருவைக் கடக்க இருபது அடி. கதவைத் திறந்த மருந்துக்கடைக்காரருக்கு, சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு, கடைசி வீடுவரை கேட்கும் குரலில் பேசினார்.

“இவர்தான் புகார் எழுதினார்னு என் வீட்டு ஆளுங்க சொல்லிட்டுத் திரியறாங்க. அது பொய். பாலத்துல தண்ணி கொடுத்ததும் நான். வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைப் படிச்சுட்டு, எழுதிக் கொடுத்ததும் நான்.”

பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். “ஃபிளாஸ்க்கைத் தேடாதே. சாட்சிக்குன்னு புகாரோட சேர்த்துக் கொடுத்துட்டு வந்துட்டேன்.”