வெறும் வயிறு

“எப்பல்லாம் எரியுதும்மா? சாப்பிடறதுக்கு முன்னாடியா, சாப்பிட்ட பிறகா?”

டாக்டர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

எனக்குப் பதிலாகத் தங்கை நோட்டைப் புரட்டினாள். நான் எப்போது சாப்பிட்டேன், எப்போது மாத்திரை போட்டேன் என்று எட்டு வாரமாக எழுதி வைத்திருக்கிறாள். என் வயிற்றைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. காலையில் எழுந்ததும் ஒன்று. அது அமிலம் சுரக்கிற இடத்தையே அடைத்துவிடுமாம். அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. புண்ணின் மேல் பூச்சு மாதிரிப் படிய ஒரு சிரப். உள்ளே கிருமி இருக்கிறது என்று முதல் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் வேறு.

ஒரு வேளைகூடத் தவறவில்லை. தவறினால் தங்கை ஆடித் தீர்த்துவிடுவாள். தன் வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, காரமில்லாத சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டு தினமும் வருகிறாள்.

நேற்று தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறிவிட்டது. டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். அடடா, என்ன சுத்தம்! யாருடைய வயிறோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எரிகிறது. சோறு இறங்கவில்லை. எட்டு கிலோ குறைந்துவிட்டேன்.

“வாயைத் திறந்து சொல்லேன்க்கா. நேரம் தெரிஞ்சாத்தானே அவர் மருந்தை மாத்துவாரு?”

நேரம் எனக்குத் தெரியும்.

சொன்னால் இன்றோடு தங்கை என் வாசற்படி மிதிக்க மாட்டாள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். சொல்லாவிட்டால் இந்த டாக்டர் பாவம், மருந்து எழுதிக்கொண்டே இருப்பார். நானும் விழுங்கிக்கொண்டே இருப்பேன், இளைத்துக்கொண்டே போவேன்.

இரண்டில் எது மேல் என்று யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை. பயம்கூட வரவில்லை.

கதவு திறந்தது. தங்கை மகள். கீழே மருந்துக் கடைக்கு அனுப்பியிருந்தோம். படியெல்லாம் ஓடி ஏறியிருக்கிறாள், கழுதை. முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, “பெரியம்மா” என்று என் தோளில் கையைப் போட்டு நின்றாள். கை சூடாக இருந்தது.

போன வருடம் இவளுக்கும் என் மகளுக்கும் ஒரே வாரத்தில் ஒரே காய்ச்சல். ஒரே வார்டு. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

இவள் எழுந்து வந்தாள்.

வந்திருக்க வேண்டாம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. சத்தியமாக நினைத்ததில்லை. இந்த வயிறு என் பேச்சைக் கேட்பதில்லை.

“இப்ப எரியுது, டாக்டர்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தலையாட்டி, ‘வெறும் வயிறு’ என்று எழுதினார்.

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து, மகளின் கையை என் தோளிலிருந்து மெதுவாக எடுத்து, அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.