ஒரே ஹெல்மெட்

எங்கள் கிளப்பில் மிஞ்சியது ஒரே ஹெல்மெட். இந்த சீசனிலும் புதிது வாங்க வழியில்லை. ஆட்டத்தை நிறுத்தினால் அம்பயர் திட்டுவார் என்பதால், ரன் ஓடும்போதே பிட்ச் நடுவில் அதை மாற்றிக்கொள்ளப் பழகியிருந்தோம். இன்று கடைசி மேட்ச். ஜெயித்தால்தான் லீக்கில் இருப்போம். இல்லையென்றால் கிளப்பையே மூடிவிடுவார்கள். கடைசிப் பந்தில் ஒரு ரன் வேண்டும். செல்வின் பந்தைத் தட்டிவிட்டு ஓடிவந்தான். நானும் எதிரே ஓடினேன். நடுவில் இருவரும் நின்றோம். முதலில் நின்றது யாரென்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினான். "ஓடித் தொலைங்கடா!" என்று வெளியிலிருந்து கேப்டன் கத்தினார். "இனி எதுக்குடா இது?" என்று செல்வினிடம் கேட்டேன். கேட்டபடியே அதை மாட்டி, ஈரமான தாடைப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன்.