அதே உறுமல்

“பையனுக்குத் தெரியறதுக்குள்ள மாத்திடணும்னு ஓடி வந்திருக்கீங்க. சரிதானே சார்?”

பந்தயக் கார்களுக்கான உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அவனைத் தெருவே டர்போ என்றுதான் கூப்பிடும். எதிரே நின்ற பெரியவர் வாசலில் நிறுத்தியிருந்த சிவப்புக் காரைக் காட்டினார்.

“சர்வீஸுக்கு விட்டேன். பையன் மாட்டியிருந்த ஏர் ஃபில்டர் அழுக்காயிருக்குன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டு, கம்பெனி ஃபில்டரை மாட்டி அனுப்பிட்டாங்க. நேத்து சத்தமே வேற மாதிரி வந்துச்சு. பழையபடி உறுமணும். இருட்டறதுக்குள்ள வேணும்.”

டர்போவுக்குச் சிரிப்பு வந்தது. அவனிடம் வருகிறவர்கள் எல்லாம் சம்பளம் மொத்தத்தையும் வண்டியில் கொட்டுகிற இளவட்டங்கள். இவரோ இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், வங்கிக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

மூன்று ஃபில்டர்களை மேஜையில் எடுத்து வைத்தான்.

“இது பேப்பர். பெட்டிக்குள்ளயே உட்கார்ந்துக்கும், சத்தம் வராது. இது காட்டன், எண்ணெய் தடவினது. கூம்பு மாதிரி வெளியே நிக்கும், காத்தை நல்லா இழுக்கும், சத்தமும் வரும். இதுவும் கூம்புதான், ஆனா எண்ணெய் வேண்டாம். என்னைக் கேட்டா இதை எடுங்க. மத்ததுல எண்ணெய் கொஞ்சம் கூடிப்போனாலும் சென்சார்ல ஒட்டிக்கிட்டு வண்டி திக்கும்.”

“எது நல்லதுன்னு நான் கேக்கல தம்பி. எது அதே சத்தம்?”

நல்ல ஆள்தான் மாட்டினார் என்று நினைத்துக்கொண்டே, எண்ணெய் வேண்டாத கூம்பை டர்போ மாட்டினான். ஓட்டிப் பார்க்க உள்ளே உட்கார்ந்தான். சீட் ரொம்பப் பின்னால் தள்ளியிருந்தது. முதுகுப் பக்கம் ஒரு தலையணை.

“சீட்டை முன்னால இழுத்துக்கிட்டா தலையணை எதுக்கு சார்?”

“அது அவன் வெச்ச இடம். நீங்களும் மாத்திடாதீங்க.”

“அடேங்கப்பா. பையன்னா இவ்வளவு பயமா?”

பெரியவர் மாடிப்படியைப் பார்த்தார். “நீங்க தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க. நான் உங்க மாடியில நின்னு கேக்கறேன்” என்றார்.

மாடியில் பழைய டயர்கள் அடைத்த அறை. அங்கே போய் ஜன்னலையும் சாத்திக்கொண்டார். கார் தெருமுனைக்குப் போய்த் திரும்பியதும் மெதுவாக இறங்கி வந்தார்.

“இது சீறுது. அவனோடது உறுமும்.”

டர்போ முனகிக்கொண்டே அதைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய காட்டனை மாட்டினான். மறுபடியும் தெருமுனை, மறுபடியும் மாடி. இந்த முறை அவர் இறங்கி வர நேரமானது. முகத்தில் சந்தோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை.

“இதுதான். இதையே விட்டுடுங்க.”

“ஏன் சார் பையனுக்கு இப்படிப் பயப்படறீங்க? பையன் நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்.”

“அவனுக்காக இல்ல தம்பி, அவன் அம்மாவுக்காக. இந்தக் காரை வாங்கினப்ப வந்த சண்டை, ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. இருந்தாலும் தினமும் இந்தச் சத்தம் கேட்டு, அவன் வந்துட்டான்னு தெரிஞ்சாத்தான் மாத்திரையைப் போட்டுக்கிட்டுக் கண்ணை மூடுவா. நெஞ்சுல ஆபரேஷன் ஆனவ, மாடியை விட்டு இறங்கறதில்ல. நேத்து கார் உள்ள வந்ததும், ‘இது அவன் வண்டி இல்லையே’ன்னு எழுந்து உட்கார்ந்துட்டா. விடியற வரைக்கும் தூங்கல. இன்னைக்கும் தூங்கலன்னா அவ தாங்க மாட்டா.”

டர்போவுக்கு மனசு கேட்கவில்லை. பார்த்தே இராத அந்தப் பையன் மேல் கோபம் கோபமாக வந்தது.

“ஃபில்டரை விடுங்க சார். வீம்பை விட்டுட்டு மாடி ஏறிப் போய், அம்மான்னு ஒரு வார்த்தை கூப்பிடச் சொல்லுங்க அவனை. பெத்தவ மேல அப்படி என்ன வைராக்கியம்?”

பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“அவன் செத்துப்போனதை இன்னும் அவகிட்ட சொல்லல.”