நீல வட்டம்

ஷோபனாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஷாகிதா வரைந்த படத்தின் மேல் இந்த வாரமும் நீலச் சாக்பீஸில் ஒரு வட்டம்!

"ராணிக்கா, இது நீங்க போட்டதா?"

"பின்ன யாரு போடுவா?" என்றாள் ராணி, கொஞ்சமும் கூசாமல்.

ஆவடியில் யூனிஃபார்ம் தைக்கும் ஃபேக்டரியில் செக்கிங் செக்‌ஷனில் இருந்து ரிட்டையர் ஆனவள் ராணி. ஒழுங்காகத் தைத்த துணிக்கு டிக். தப்பு இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். வேலைதான் முடிந்ததே தவிர, கை அடங்கவில்லை. டெய்லர் சாக்பீஸைக் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடுகிறாள் மனுஷி.

வருவது எங்கே? அயனம்பாக்கம் ஏரியோரம், ஓர் அப்பார்ட்மென்ட் ஹாலில் சனிக்கிழமைதோறும் ஷோபனா நடத்தும் ஓவிய சிகிச்சைக்கு! மனசில் இருப்பதைச் சொல்ல வாய் வராத பெரியவர்கள் வரைந்தாவது கொட்டிவிட்டுப் போகட்டும் என்றுதான் அவள் இதை ஆரம்பித்தாள். இங்கே சரி, தப்பு கிடையாது. அடுத்தவர் தாளில் கை வைக்கவே கூடாது.

ராணியோ தன் தாளை வெள்ளையாகவே வைத்துவிட்டு, ஊரார் தாளையெல்லாம் சோதித்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் அறிமுகத்தில், "ஊட்டுக்காரரு பேரு நடேசன், இப்ப இல்ல" என்றதோடு சரி. அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஐ.டி. வேலையில் நொந்துபோன விஷ்ணு தாள் முழுக்கக் கறுப்பாகக் கிறுக்கி வைத்தான். அதற்கு டிக். எழிலரசியின் நிலா வாழைப்பழம் மாதிரி இருந்தது. அதற்கும் டிக்!

ஷாகிதாவுக்கு மட்டும் வட்டம்.

"ஆள் பாத்துப் போடறாங்களோ, மேடம்?" என்று எழிலரசி காதைக் கடித்தாள். ஷோபனாவுக்கும் அந்தச் சந்தேகம் வந்துதான் இருந்தது.

பூந்தமல்லி ஷாகிதா பாவம். கணவர் அமீர் இறந்துபோனதில் இருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மகள் ரூஹிதான் கையைப் பிடித்து இழுத்து வருவாள். வாராவாரம் அதே படம்தான். சாலையோரம் நிற்கும் ஒரு ஸ்கூட்டர். ஷோபனா, "ரொம்ப நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவாள். பின்னாலேயே ராணி வந்து, ஸ்கூட்டர் சீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள்.

"நொந்து போனவங்கள இன்னும் நோகடிக்கிறீங்களே, இது நியாயமாக்கா? அடுத்த வாரமும் இப்படின்னா நீங்க இங்க வரவே வேணாம்."

"சரிம்மா" என்றாள் ராணி. அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை ராணிக்கு அடுத்த ஆளாக ஹாலுக்குள் நுழைந்தது ஷாகிதா. ரூஹி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"மேடம், இன்னைக்கு அம்மாவே ஆட்டோ பிடிச்சிட்டாங்க. வாரம் பூரா அந்தப் படத்தையே எடுத்து எடுத்துப் பாத்துட்டு இருந்தாங்க. எனக்குப் பயமா இருக்கு."

இன்றைக்கு ராணியை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று ஷோபனா முடிவு செய்துகொண்டாள்.

அதற்குள் ஷாகிதா நேராக ராணியின் டேபிளுக்குப் போய்ப் படத்தைப் பட்டென்று போட்டாள்.

"இதுல இன்னாக்கா தப்பு?"

குரல் கரகரத்தது. ரூஹி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுக்கா! கண்ணாடி கீது, ஹாரன் கீது, நம்பர் பிளேட்டு கூட கீது. சும்மா சும்மா வட்டம் போட்டா இன்னா அர்த்தம்?"

"வண்டி ஷோக்காத்தான் கீது" என்றாள் ராணி மெதுவாக. "ஓட்டினவரு எங்க?"

ஷாகிதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீ வாங்கினு வரேன்னு போனாருக்கா. திருமுல்லைவாயில் ஸ்டேஷனாண்ட. கடை வாசல்லயே நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டாரு. கூட்டம் கூடிச்சு. வண்டிகிட்டயே இருன்னு சொல்லிட்டுப் போனாரேன்னு நான் அங்கயே நின்னுகினு இருந்தேன்க்கா. அவருக்குத்தான் அப்படி ஆச்சுன்னே எனக்குத் தெரியல!"

ரூஹிக்கே இது புதுசு. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஷாகிதா அழுதாள், பேசினாள், மறுபடி அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் சீட்டில் ஓர் ஆளை வரைய ஆரம்பித்தாள்.

ஷோபனா ராணியை ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"உங்கள என்னவோ நினைச்சிட்டேன், மன்னிச்சிடுங்கக்கா. ஆனா இதை முதல் நாளே வாயால கேட்டிருக்கலாமே?"

"டிக் போட்ட துணி நேரா பண்டலுக்குப் பூடும்மா. அப்பால எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். வட்டம் போட்டாத்தான், தச்சவ என் டேபிளாண்ட சண்டைக்கு வருவா. நாம கேட்டா அவ அழுதுட்டுப் போயிருப்பா. அவளே கேட்டா பேசுவா இல்ல?"

"நான் வாராவாரம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்க்கா" என்றாள் ஷோபனா. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

இருவரும் திரும்பி வந்தபோது, டேபிள் மேல் இருந்த சாக்பீஸ் ஷாகிதாவின் கையில் இருந்தது. ராணியின் வெள்ளைத் தாளை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரைக்கும் பெரிசாக ஒரு வட்டம் போட்டாள்.

ராணி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு வந்துட்டாரு" என்று தாளை அவள் பக்கம் தள்ளினாள் ஷாகிதா. "உங்க ஊட்டுக்காரரு எங்கக்கா?"