ஏனோக் தராத திமிங்கலம்

"அண்ணா, கடைசியா கேக்கறேன். திமிங்கலத்தக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்," என்றார் ஏனோக்.

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் ஏறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் அது. முன்பு ரயிலில் ரம்மி ஆடினார்கள். இப்போது மிருகப் படம் போட்ட கார்டு. நெருப்பு மிருகம், நீர் மிருகம் என்று ஒரு கட்டு சேர்த்து மோதவிட வேண்டும். கட்டுக்குப் பெயர் டெக். முழங்கால்களின் மேல் ஒரு பை, அதுதான் மேஜை.

டீனா நீர் டெக் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் போட்டி. முதல் தடவையாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். திமிங்கலம் இல்லாத நீர் டெக், உப்பில்லாத குழம்பு.

"ஊர்ல குழாயில தண்ணி வர்ல. கார்டுலயாவது வரட்டும்னு சேக்கறியாம்மா?" என்றார் வாசு. கிண்டல் செய்துகொண்டே தன் மழைத்தவளையை எடுத்துக் கொடுத்தார். மனோகர் கடலாமையைக் கொடுத்தார்.

ஏனோக் மட்டும் அசையவில்லை. இத்தனைக்கும் அவர் ஆடுவது நெருப்பு டெக். அவருக்குத் திமிங்கலம் எதற்கு?

"டிராகனத் தரேண்ணா. உங்களுதுதான அது?"

உண்மைதான். கல்யாணத்துக்கு முன்பு டீனாவுக்குப் பரிசு கொடுக்க ஆசைப்பட்டு, ஆஷ்லி தன் திமிங்கலத்தை ஏனோக்கிடம் கொடுத்து அவருடைய டிராகனை வாங்கினான். இன்று அவன் டீனாவின் புருஷன். டிராகன் அவள் கையில்.

"டிராகனும் வாணாம், ஒண்ணும் வாணாம். வேற பேச்சு பேசு."

"சர்ச்சுல காணிக்கப் பை வந்தா கண்ண மூடி ஜெபம் பண்ற ஆளு. இவராண்ட போயி கேக்கற பாரு!" என்றார் மனோகர்.

பெட்டியே சிரித்தது. ஏனோக்கும் சிரித்தார். கார்டு டப்பாவை மட்டும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

மாலூர் தாண்டியதும் ஏனோக்குக்குத் தூக்கத்தில் தலை தொங்கிவிட்டது. டீனா வாசுவைப் பார்த்தாள்.

"இன்னா பண்றதானாலும் பண்ணு. நான் பாக்கல," என்று வாசு வெளியே திரும்பிக்கொண்டார்.

டீனா டப்பாவை மெல்லத் திறந்தாள். டிராகனை உள்ளே வைத்தாள். திமிங்கலத்தை எடுத்தாள். திருட்டு இல்லை, மாற்று. கஞ்சனுக்கு இதுதான் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் தங்கம் எடுத்த ஊர்க்காரி. சோதிக்காமல் எதையும் வாங்க மாட்டாள். அசல் கார்டின் நடுவே கறுப்புத் தாள் ஒன்று இருக்கும், வெளிச்சம் புகாது. திமிங்கலத்தை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

பின்னால் பிடித்திருந்த விரல்கள் நிழலாகத் தெரிந்தன.

போலி. போட்டியில் இதை இறக்கியிருந்தால் நடுவர் அங்கேயே எழுப்பி வெளியே அனுப்பியிருப்பார். டீனா ஏனோக்கின் தோளைத் தட்டினாள்.

"அண்ணா... உங்கள நல்லா ஏமாத்திக்கீறாங்க."

ஏனோக் கண்ணைத் திறக்கவில்லை.

"வாங்கறப்பவே தெரியும்மா. நீ உள்ள வெச்சிட்டு உன் டிராகன எடுத்துக்கோ. ஆஷ்லிகிட்ட மட்டும் சொல்லாத. உனக்குப் பரிசு குடுக்கணும்னு அம்மாம் ஆசையா வந்து நின்னான், பாவம்."