படத்தில் இல்லாத நட்சத்திரம்

"சந்திரனுக்கு ஒருத்தனும் போகல்ல. எல்லாம் ஸ்டுடியோவுல எடுத்த படமாக்கும்" என்றான் ஜெயதாஸ்.

ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஜிஜோ சிரித்தான். "போட்டோ ஸ்டுடியோக்காரன் சொன்னா நம்பத்தான வேணும்? உனக்க கடையில திரையை இழுத்துவிட்டா சுவிட்சர்லாந்தே உண்டு. சந்திரனுக்கு என்ன கொறவு?"

"சிரிக்காத. இண்ணைக்கு ரெத்தினதாஸ் சாரை எல்லாருக்கும் முன்னால முழிக்க வைக்கேன்."

வெள்ளறடை வாசகசாலையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நிலவில் மனிதன் கால் வைத்து அந்த மாதத்தோடு இருபத்தைந்து வருடம். பேச வந்திருந்தவர் ரெத்தினதாஸ், பௌதிக ஆசிரியர். போன வருடம் காசர்கோட்டுக்கு மாற்றலாகிப் போனவர், இந்தப் பேச்சுக்காகவே அன்று காலையில் பாறசாலையில் ரயில் இறங்கியிருந்தார்.

ஜிஜோ குரலைத் தாழ்த்தினான். "மக்கா, இனி என்னத்துக்கு? விட்டுரு."

"விட முடியாது."

காரணம் ஜிஜோவுக்குத் தெரியும். ஊருக்கும் அரைகுறையாகத் தெரியும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், சோறு பரிமாறிக்கொண்டே ஜெயதாஸின் மனைவி பின்சி சந்திரப் பயணத்தைப் பற்றிச் சொன்னாள். "ரெத்தினதாஸ் சார் கிளாஸ்ல கேட்டது. எவ்வளவு அழகா சொல்லுவாரு தெரியுமா?"

அந்த 'அழகா' ஜெயதாஸுக்குத் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது.

"எல்லாம் பொய். காத்தே இல்லாத எடத்துல கொடி எப்படி ஆடும்?" என்றான்.

அவளுக்குப் பதில் தெரியவில்லை. அவனுக்கு அன்று நல்ல தூக்கம்.

அடுத்த வாரம் பதிலோடு வந்தாள். "சார்ட்ட கேட்டேன். கொடிக்கு மேல ஒரு கம்பி உண்டாம். நட்டும்போ குலுங்கினது, காத்து இல்லாததுனால சீக்கிரம் நிக்கல்லியாம்."

சாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்! அவன் இன்னும் பெரிய சந்தேகமாகத் தேடினான். ஈரமில்லாத மண்ணில் கால்தடம் எப்படிப் பதியும்? அவள் அதற்கும் போனாள். அவன் கேட்கக் கேட்க, அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் காரக்கோணத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது பார்த்துவிட்டான். வாசகசாலை வாசலில் சாரும் அவளும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

என்ன சொல்லிச் சிரித்தாள்? அதை மட்டும் அவன் அவளிடம் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் வைத்து ஊதிக்கொண்டே இருந்தான்.

கூட்டத்தில் சார் மலையாளமும் தமிழுமாகப் பேசி முடித்தார். "யாருக்காவது சந்தேகம் உண்டுமா?"

ஜெயதாஸ் எழுந்தான். "படத்துல ஒரு நட்சத்திரம்கூட இல்லியே சார்? காத்தும் மேகமும் இல்லாத எடம். வானம் நெறைய கெடக்கணுமே. எல்லாம் எங்க போச்சு?"

"அப்படிக் கேளு மக்கா!" என்று பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

சார் கண்ணாடியைச் சரிசெய்து அவனை உற்றுப் பார்த்தார். "நீங்க பின்சிக்க வீட்டுக்காரர்தான?"

கைதட்டல் நின்றது. செயலாளர் கிருஷ்ணன்குட்டி பதறி எழுந்து சாரின் காதருகே குனிந்தார். சார் அவரைக் கையமர்த்தினார்.

"ஆமா. அவளை உங்களுக்குத் தெரியாம இருக்குமா?" என்றான் ஜெயதாஸ்.

அந்தக் குத்தல் சாருக்கு உறைக்கவில்லை. "நான் காசர்கோட்டுக்குப் போகதுக்கு முந்தி அவ கடைசியா கேட்டதும் இதே கேள்விதான். 'உனக்க வீட்டுக்காரரு போட்டோ எடுக்கவரு. அவருக்கே இது தெரியுமே, என்னட்ட ஏன் வந்தே?'ன்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?" என்றான் ஜெயதாஸ்.

"சிரிச்சா. எப்பவும் அதைச் சொல்லித்தான் சிரிப்பா. 'அவருக்கு எல்லாம் தெரியும் சார், வேணும்னே கேக்காரு. மத்த நாளு வீட்டுல நாலு வார்த்தை பேசமாட்டாரு. சந்திரனுக்காகச் சண்டை பிடிக்கும்போதான் சோறு ஆறுனதுகூடத் தெரியாம பேசுவாரு. நான் பதில் கொண்டு போகல்லன்னா பேச்சு நின்னு போவும்லா? அதுக்காக்கும் ஓடி வாறேன்'ம்பா."

ஜெயதாஸ் நின்றுகொண்டே இருந்தான். உட்காரத் தோன்றவில்லை.

"இதுக்கு மட்டும் நான் பதில் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டா" என்றார் சார். "'இதை அவரு வாயாலதான் கேக்கணும்'னா. போய் நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

கிருஷ்ணன்குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"செரி சார்" என்றான் ஜெயதாஸ்.

வெளியே தூறல். ஜிஜோ ஓடிவந்து ஆட்டோவைக் கிளப்பினான். "ஏறு மக்கா. வீட்டுல விடுதேன்."

"சர்ச்சு வாசல்ல விடு."

ஜிஜோ ஆட்டோவைச் சர்ச்சுப் பக்கம் திருப்பினான்.

ஜெயதாஸ் சர்ச்சின் பின்பக்கம் நடந்தான். ஈரத்தரையில் குந்தி உட்கார்ந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

"தரையில அவ்வளவு வெளிச்சம் பின்சி. அதுக்குத் தக்க கேமராவ வச்சா, மங்கலா கெடக்க நட்சத்திரம் பதியாது. போயிருக்கான் எடி, மனுசன் போயிருக்கான்."

பிறகு, மண் இன்னும் தாழாத அந்த மேட்டின் மரச்சிலுவையில், அவள் பெயரை மறைத்து ஒட்டியிருந்த ரப்பர் மரத்துச் சருகை எடுத்துப் போட்டான்.